நீர் தேங்குவதில்லை

வெள்ளிக்கிழமை முற்பகல் பதினொன்றேகால் மணிக்கு அந்தக் காவல் நிலையத்தில் இருந்தவர்களை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். நான். எங்கள் பார்வையாளர் குழுவின் வக்கீலம்மா. குழுவின் டாக்டர். முன்னறை மேசையில் நிலைய எழுத்தர். ஆவண அறையில் என் மாப்பிள்ளை, அதாவது என் ஒரே மகளின் கணவர், அந்த நிலையத்தின் அதிகாரி. அவரோடு இரண்டு காவலர்கள். டீ ஏழு பேருக்குச் சொல்லப்பட்டது. சர்க்கரை கொஞ்சம் அதிகம். ஆவண அறையில் டைல்ஸ் போடும் தொழிலாளி ஒருவரும் இருந்தார். அவரையும் சேர்த்தால் எட்டு.

பெயர்களை நான் எழுதவில்லை. விசாரணை அதிகாரியான தங்கள் கோப்பில் அவை எல்லாம் இருக்கும். எங்கள் குழுவின் ஒன்பதாம் விதி, காவலில் இருப்பவர் சொன்னதை வெளியே பேச நேர்ந்தால் பெயர் சொல்லக்கூடாது என்கிறது. பதினோரு ஆண்டுகளில் ஒருமுறைகூட நான் அந்த விதியை மீறியதில்லை. எழுத உட்கார்ந்தாலும் கை அப்படியே போகிறது.

எனக்கு எழுபத்து மூன்று வயது. எடையளவுத் துறையில் முப்பத்து நான்கு ஆண்டுகள் ஆய்வாளராக இருந்தேன். கடைத்தெருவில் எனக்குத் தராசு என்று பட்டப்பெயர். நான் தெருமுனையில் திரும்பும்போதே, "தராசு வர்றாரு, கல்லை மாத்து" என்று ஒரு கடையிலிருந்து அடுத்த கடைக்குச் செய்தி போகும். அது போவதற்குள் நான் உள்ளே நிற்பேன். எந்தக் கடைக்கும் சொல்லிவிட்டுப் போனதில்லை. என் தம்பியின் மளிகைக் கடையில் ஐந்து கிலோ எடைக்கல் நாற்பது கிராம் குறைந்தபோது அதையும் பறிமுதல் செய்தேன். தம்பி இரண்டு ஆண்டு என்னோடு பேசவில்லை. எங்கள் குடும்பத்தின் மேல் ஒரு தூசு விழுந்தது கிடையாது. இது தற்பெருமை இல்லை, தகவல்.

பதினோரு ஆண்டுக்கு முன் சட்டம் வந்தது. அதற்கு முன் இந்த நாட்டில் அடிக்காத காவல் நிலையம் இருந்ததா என்று கேட்டால், இருந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. சட்டத்துக்குப் பிறகு எவ்வளவோ மாறியிருக்கிறது. பிடித்து வந்தவரை அன்றே பதிவேட்டில் எழுத வேண்டும். உள்ளே கொண்டுவரும்போது ஒரு முறை, வெளியே அனுப்பும்போது ஒரு முறை மருத்துவர் பார்க்க வேண்டும். கைதானவரின் உரிமைகளைப் பெரிய எழுத்தில் சுவரில் ஒட்ட வேண்டும். கேமரா வைக்க வேண்டிய இடங்களுக்கு ஓர் அட்டவணை இருக்கிறது: வாசல், முன்னறை, நடைவழி, லாக்கப் என்று போகும். அதோடு ஊரில் நாலு பேர் மதிக்கிற மனிதர்களைச் சேர்த்து ஒரு குழு. அந்தக் குழு முன்னறிவிப்பு இல்லாமல் எந்த நிலையத்துக்குள்ளும் போகலாம், யாரோடும் தனியாகப் பேசலாம். எங்கள் வட்டாரக் குழுவுக்கு என்னைத் தலைவராக்கினார்கள். அளவு தெரிந்தவன் என்பதால் ஆக்கினார்கள் என்று நினைக்கிறேன்.

நான் வெறுங்கையோடு ஆய்வுக்குப் போனதில்லை. அளவு நாடா, தளம் சமமா என்று பார்க்கிற ரசமட்டம், ஒரு சின்ன டார்ச். லாக்கப்பின் நீளம் அகலம், ஜன்னல், ஒரு ஆளுக்கு எத்தனை சதுர அடி, எல்லாம் அளந்து எழுதுவேன். மற்ற வட்டாரங்களின் அறிக்கைகளில் 'போதுமான இடம் உள்ளது' என்று இருக்கும். என் அறிக்கையில் அங்குலம் இருக்கும். குறைகளையும் மறைத்ததில்லை. ஒரு லாக்கப்பில் குழாய் ஒழுகுகிறது என்று ஏழு முறை எழுதினேன். எட்டாவது மாதம் சரிசெய்தார்கள். என் மாப்பிள்ளையின் நிலையத்தில், அவர் அங்கே வருவதற்கு முன், தரை பெயர்ந்து தண்ணீர் குட்டை கட்டி நின்றது. கட்டடம் முழுவதும் டைல்ஸ் போடப் பரிந்துரைத்தவன் நான்தான். போன ஆண்டு போட்டார்கள்.

அந்தச் சமயத்தில்தான் மாப்பிள்ளை மாற்றலாகி அங்கே வந்தார். வக்கீலம்மா என்னைத் தனியே அழைத்துப் பேசினார். சொந்த மாப்பிள்ளை இருக்கிற இடத்தை மாமனார் ஆய்வு செய்வது சரியா, அந்த ஒரு நிலையத்தை மட்டும் வேறு குழுவுக்கு விடலாமே என்றார். மரியாதையாகத்தான் கேட்டார். தம்பியின் எடைக்கல் கதையை அவருக்குச் சொன்னேன். அதோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டார்.

ஆனால் ஒன்று இருக்கிறது. கடை வேறு, வீடு வேறு. பெண் கொடுத்த இடத்துக்குச் சொல்லாமல் கொள்ளாமல் போய் நிற்பது எங்கள் குடும்பத்தில் இல்லை. மாப்பிள்ளை உட்கார்ந்திருக்கிற இடம், ஆபீஸ் ஆனாலும், பாதி சம்பந்தி வீடுதான். இதை நான் நன்றாக யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன். விதிப்படி நிலையத்துக்கு முன்னறிவிப்பு தரக்கூடாது. நான் தரவில்லை. மாப்பிள்ளைக்கும் சொல்லவில்லை. ஆய்வுக்கு முந்தின நாள் மகளுக்கு மட்டும் போன் செய்வேன். "நாளைக்கு உங்க வீட்டுக்காரர் ஆபீஸ் பக்கம் வர்ற வேலை இருக்கும்மா" என்பேன். "வந்தா சாப்பிட்டுட்டுப் போங்கப்பா" என்பாள். அவ்வளவுதான். தகப்பன் மகளோடு பேசுவதைத் தடுக்கும் விதி எதுவும் இல்லை. அந்த ஆண்டில் ஐந்து முறை அந்த நிலையத்துக்குப் போனோம். ஐந்து முறையும் எல்லாம் ஒழுங்காக இருந்தது. மற்ற நிலையங்களைவிட நல்ல மதிப்பெண். எனக்குச் சந்தோஷம்தான்.

இனி செவ்வாய்க்கிழமை நடந்தது.

மாப்பிள்ளையின் நிலைய லாக்கப்பில் மூன்று பேர் இருந்தார்கள். ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பார்த்தேன். மூன்றாவது ஆள் டைல்ஸ் போடுகிறவர். முப்பத்தைந்து, நாற்பது இருக்கும். விரல் நுனிகளில் வெள்ளைச் சிமெண்ட் ஏறி நகமே தெரியவில்லை. ஒரு வீட்டில் குளியலறைக்குத் தரை போட்டபோது கைக்கடிகாரம் காணாமல் போனதாகப் புகார். பதிவேட்டில் அன்று காலைதான் கைது என்று இருந்தது. தான் வந்து மூன்று நாள் ஆகிறது என்றார் அவர்.

உட்காரச் சொன்னேன். உட்கார முடியாது என்றார்.

"முட்டில போட்டு வேலை செய்றவன்யா நான். பொழப்பே முட்டிலதான். அதுலயே குடுத்துட்டாங்க."

எங்கே வைத்து என்று கேட்டேன். நடைவழிக் கடைசியில் இருக்கிற ஆவண அறை என்றார். அந்த அறை கேமரா அட்டவணையில் இல்லை. தாள்களுக்கு எதற்குக் கேமரா என்று அட்டவணை போட்டவர்கள் நினைத்திருப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அங்கே வைத்துத்தான் என்பதற்கு என்ன ஆதாரம் என்றேன். அவர் சிரித்தார். சிரிக்கும்போது உதட்டில் ஒரு பக்கம் மட்டும் அசைந்தது.

"அந்த ரூமுக்குத் தரை போட்டதே நான்தான்யா. போன வருஷம். மூலையில ஒரு ஓட்டை விட்டு, அதைப் பார்த்து சாய்வு வைக்கச் சொன்னாங்க. பேப்பர் வைக்கிற ரூமுக்கு எதுக்குங்க சாய்வுன்னு கேட்டேன். சொன்னதைச் செய்யின்னாங்க." அவரே சேர்த்துக்கொண்டார். "நல்லாத்தான் வச்சிருக்கேன். ஒரு சொட்டு நிக்காது. படுத்துக் கிடந்தப்ப பார்த்தேன். என் வேலையில யாரும் குறை சொல்ல முடியாது."

வேலையைப் பற்றி அப்படிப் பேசுகிற ஆளை எனக்குப் பிடிக்கும். இதை வெளியே சொல்லாதீங்கய்யா என்று கேட்டுக்கொண்டார். அவர் மனைவி வெளியே காத்திருப்பதாகவும், அவரிடம் உயிரோடு இருப்பதாக மட்டும் சொன்னால் போதும் என்றும் சொன்னார். ஒன்பதாம் விதியை அவருக்கு எடுத்துச் சொன்னேன். உங்கள் பெயர் என் வாயிலிருந்து வராது என்று வாக்குக் கொடுத்தேன். கும்பிட்டார்.

கேட்டதை அப்படியே எழுதுகிறவன் நான் இல்லை. அளந்து பார்க்காமல் ஒரு கடைக்காரனைக்கூடக் குற்றம் சொன்னதில்லை. ஆவண அறையைத் திறக்கச் சொல்லி உள்ளே போனேன். இரும்பு அலமாரி இரண்டு, ஒரு நாற்காலி. தரை சுத்தமாக இருந்தது. அப்போதுதான் கழுவிய ஈரம். ரசமட்டத்தைத் தரையில் வைத்தேன். குமிழி நடுவில் நிற்கவில்லை. மூன்று இடத்தில் வைத்துப் பார்த்தேன், மூன்றிலும் ஒரே பக்கம் ஓடியது. மூலையில் ஓட்டை இருந்தது. அவர் சொன்னது உண்மை. சாய்வு மிகச் சரியாக இருந்தது.

அறிக்கைப் படிவத்தில் ஆவண அறைக்கென்று தனிக் கட்டம் கிடையாது. சுகாதாரம் என்ற தலைப்பில்தான் எழுத முடியும். 'தரை நன்னிலையில் உள்ளது. நீர் தேங்குவதில்லை' என்று எழுதினேன். இரண்டும் அளந்து கண்ட உண்மை. அந்தப் பக்கம் இப்போது தங்களிடம் இருக்கிறது, கையெழுத்து என்னுடையதுதான்.

வாசலில் அந்த அம்மா நின்றிருந்தார். உங்கள் வீட்டுக்காரர் நன்றாக இருக்கிறார் என்றேன். என் காலைத் தொட வந்தார். நான் தள்ளி நின்றேன்.

ஏன் மேலே எழுதவில்லை என்று கேட்பீர்கள். எழுதியிருந்தால் அந்த அறிக்கை தலைமையகம் போகும், அங்கிருந்து பத்திரிகைக்குப் போகும். மாமனார் கையெழுத்தில் மாப்பிள்ளைக்கு வேலை போகும். என் பேத்தி பள்ளிக்கூடத்தில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது. வீட்டு விஷயம் வாசற்படி தாண்டக்கூடாது. தம்பியின் எடைக்கல் தாண்டியதே என்று வக்கீலம்மா பிறகு கேட்டார். தம்பி ஆண்பிள்ளை, தன் பாட்டைப் பார்த்துக்கொள்வான். பெண்ணைப் பெற்றவன் கணக்கு வேறு. மாப்பிள்ளையைக் கூப்பிட்டுப் பெரியவனாக இரண்டு வார்த்தை சொன்னால் திருந்திவிடுவார் என்று நினைத்தேன். படித்தவர், என்மேல் மரியாதை உள்ளவர். என் எதிரில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்ததில்லை.

புதன்கிழமைகளில் மதியச் சாப்பாடு எனக்கு மகள் வீட்டில். என் மனைவி போனதிலிருந்து அப்படித்தான். மாப்பிள்ளையும் வந்திருந்தார். மகள் பரிமாறிக்கொண்டிருந்தாள். பேத்தி பள்ளிக்கூடம் போயிருந்தாள். நான் சுற்றி வளைக்கவில்லை.

"மாப்பிள்ளை, உங்க ஆபீஸ் ரூம் ஒண்ணுல தரை சாய்வா இருக்கு. அது நல்லா இல்லை."

அவர் சாப்பிட்டுக்கொண்டே, "எந்த ரூம் மாமா?" என்றார்.

"உங்களுக்குத் தெரியும். அங்க நடக்கிறதும் நல்லா இல்லை. நம்ம குடும்பத்துக்கு அழகு இல்லை. இனிமே வேண்டாம்."

"யாரு மாமா சொன்னது?"

"பேரைச் சொல்ல விதி இடம் குடுக்காது. சும்மா யாரோ சொன்னதைக் கேட்டு நான் பேசல. அந்தத் தரையைப் போட்டவரே சொன்னார். நானும் அளந்து பார்த்துட்டேன்."

ஆதாரம் இல்லாமல் பேசுகிறேன் என்று அவர் நினைத்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் அதைச் சொன்னேன். முப்பத்து நான்கு ஆண்டுப் பழக்கம். மாப்பிள்ளை தலையை ஆட்டினார். இன்னொரு கரண்டி சோறு வாங்கிக்கொண்டார். "சரிங்க மாமா, பார்த்துக்கிறேன்" என்றார். எழுந்து கைகழுவப் போகும்போது என் தட்டையும் அவரே எடுத்துக்கொண்டு போனார். மகள் கரண்டியைப் பிடித்தபடி நின்றாள். எனக்குப் பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. வெற்றிலை போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் அங்கேயே தூங்கினேன். நல்ல தூக்கம்.

வெள்ளிக்கிழமை வக்கீலம்மா காரோடு என் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார். டைல்ஸ்காரரின் மனைவி அவருக்குப் போன் செய்திருக்கிறார்: மூன்று நாளாக ஆளைப் பார்க்க விடவில்லை, விடுதலை ஆகிவிட்டதாகப் பதிவேட்டில் இருக்கிறதாம், ஆனால் வீட்டுக்கு வரவில்லை. டாக்டர் காரில் இருந்தார். உடனே கிளம்புங்கள் என்றார் வக்கீலம்மா. மகளுக்குப் போன் செய்துவிட்டு வருகிறேன் என்றேன். "அங்க போய் பண்ணிக்கலாம் ஐயா" என்று கார்க் கதவைத் திறந்துகொண்டு நின்றார். மாப்பிள்ளை அங்கே வந்த பிறகு, முன்னறிவிப்பு என்று ஒன்று இல்லாமல் நான் அந்த நிலையத்துக்குப் போனது அன்றுதான்.

வழக்கம்போல வாசலில் ஒரு முறை செருமினேன். பெரியவர்கள் ஒரு வீட்டுக்குள் நுழையும்போது செருமிவிட்டு நுழைவார்கள். உள்ளே இருப்பவர்கள் உடுப்பைச் சரிசெய்துகொள்ள அவகாசம் வேண்டும் அல்லவா. எழுத்தர் எழுந்து நின்றார். அவர் முகம் வெளுத்தது. ஐயா உள்ளே வேலையாக இருக்கிறார், ஐந்து நிமிஷம் என்றார். வக்கீலம்மா நேரே நடைவழிக்குள் போகப் பார்த்தார். நான் குழுத் தலைவர். தலைவர் இல்லாமல் உறுப்பினர் உள்ளே போக விதியில் இடம் இல்லை. அதைச் சொல்லி, உட்காருங்கள் என்றேன். நானும் உட்கார்ந்தேன். எழுத்தர் டீ சொல்லி அனுப்பினார்.

சத்தம் கேட்டதா என்று தங்கள் கேள்வித்தாளில் இருக்கிறது. கேட்டது. ஈரச் சாக்கைத் தரையில் போடுவது போல. பத்துப் பன்னிரண்டு முறை. குரல் முதலில் இருந்தது, பிறகு இல்லை. அதன்பின் வாளியில் தண்ணீர் பிடிக்கும் சத்தம். தரையில் ஊற்றும் சத்தம். நான் உட்கார்ந்த இடத்திலிருந்து ஆவண அறையின் கதவு தெரிந்தது. அவ்வளவு தண்ணீர் ஊற்றியும் கதவுக்கு அடியில் ஒரு சொட்டு வெளியே வரவில்லை. நல்ல வேலைக்காரர் என்று மறுபடியும் நினைத்தேன்.

டாக்டர் ஒருமுறை எழப் பார்த்தார். அவர் முட்டியில் கை வைத்து உட்காரவைத்தேன். "டீ ஆறுது டாக்டர்" என்றேன். அவர் சின்னவர், பெரியவர் சொன்னால் கேட்கும் பிள்ளை. வக்கீலம்மா என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் டம்ளரைத் தொடவில்லை.

கதவு திறந்தபோது மாப்பிள்ளை சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு வந்தார். "வாங்க மாமா, சொல்லியிருந்தா வாசலுக்கே வந்திருப்பேனே" என்றார். அந்த ஒரு வார்த்தையில் எனக்கு மிகுந்த வருத்தமாகிவிட்டது. அவர் சொன்னது நியாயம்.

டைல்ஸ்காரர் தரையில் மல்லாந்து கிடந்தார். வேறு யாருடைய சட்டையோ போட்டுவிட்டிருந்தார்கள், பொத்தான் மாறி இருந்தது. மயக்கம் போட்டு விழுந்துவிட்டார் என்றார்கள். டாக்டர் மண்டியிட்டு மார்பை அழுத்தினார். நெடுநேரம் அழுத்தினார். நாங்கள் வந்தவுடன் உள்ளே போயிருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் தங்களிடம் சொல்லியிருக்கிறார். நான் அதை மறுக்கவில்லை. அவர் துறை அது.

நாங்கள் வாசலில் நுழைந்தது பதினொன்று பதினைந்து. கதவு திறந்தது பதினொன்று முப்பத்தேழு. இருபத்திரண்டு நிமிடம். கடிகாரம் பார்ப்பது எனக்கு மூச்சு விடுவது போல. ஆய்வுப் பதிவேட்டில் 'வருகை நேரம்' என்ற கட்டத்தில் முப்பத்தேழு என்று எழுதினேன். என் வாழ்நாளில் நான் குறைத்து எழுதிய ஒரே அளவு அந்த இருபத்திரண்டு நிமிடம்தான். வக்கீலம்மா கையெழுத்துப் போடாமல் வெளியே போனார். அவர் கைப்பேசியில் எங்கள் காரை வாசலில் நிறுத்திய நேரம் இருந்தது. எனக்கு அது தோன்றவில்லை.

காணாமல் போன கைக்கடிகாரம் பிறகு அந்த வீட்டுக்காரரின் பெட்டியிலேயே கிடைத்ததாகக் கேள்வி. அது என் பொறுப்பில் வராது.

மகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். சனிக்கிழமை காலை என் வீட்டுக்கு வந்தாள். தனியாக வந்தாள், செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

"அப்பா, அன்னைக்கு லாக்கப்ல டைல்ஸ் போடறவங்க எத்தனை பேர் இருந்தாங்க?"

"ஒருத்தர்தாம்மா" என்றேன்.

"நீங்க போன் பண்ணும்போதெல்லாம் நான் அவர்கிட்ட சொல்லிட்டுதான் இருந்தேன். அப்பா வர்றார், சாப்பாடு சேர்த்து வைக்கணும்னு. உங்களுக்குத் தெரியும்தானே?"

புருஷனிடம் சொல்லாமல் எந்தப் பெண்டாட்டி சமைப்பாள் என்றேன்.

அவள் நேரே தங்கள் அலுவலகத்துக்கு வந்து சாட்சி சொன்னாள் என்று பிறகுதான் தெரிந்தது. பேத்தியை அழைத்துக்கொண்டு ஒரு தோழி வீட்டில் இருக்கிறாள். புதன்கிழமை மதியம் நான் போன் செய்கிறேன். எடுப்பதில்லை. அவள் சொன்னது எல்லாம் உண்மை. ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. நான் வளர்த்த பெண். ஆனால் புருஷன் வீட்டு விஷயத்தைக் கொண்டுபோய் அரசாங்க ஆபீசில் வைத்தாளே என்ற வருத்தம் எனக்கு உண்டு.

முன்கூட்டியே தகவல் போக வழி செய்தேன். கேட்டதை எழுதவில்லை. சத்தம் கேட்டும் உட்கார்ந்திருந்தேன், மற்ற இருவரையும் உட்காரவைத்தேன். நேரத்தை மாற்றி எழுதினேன். இவை எல்லாம் நான் செய்தவை. யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. தங்கள் தண்டனை எதுவோ அதை நின்றபடி கேட்டுக்கொள்வேன். வயதைச் சொல்லிச் சலுகை கேட்கமாட்டேன்.

கடைத்தெருவில் ஒரு பேச்சு உலவுகிறது. அந்த டைல்ஸ்காரரின் மனைவியும் அதை நம்புவதாகக் கேள்விப்பட்டேன். தராசு ஐயா அவர் பெயரை மாப்பிள்ளையிடம் சொல்லிவிட்டார் என்கிறார்கள். அது பொய். பெயரை நான் யாரிடமும் சொல்லவில்லை. தொழிலைத்தான் சொன்னேன்.